நிலையற்ற காலத்தில் நம் தோல் வணிகர்கள்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், எங்கள் மத்ரஸாவில் ஓதும் ஒரு மாணவனின் தந்தை அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி வந்தார். சந்தவாசலுக்கு அருகே பத்துத் தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஆம்பூர் நிறுவனங்களுக்கு ஷூவின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுப்பவர் அவர். அம்மாதம் 27-ஆம் தேதி முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரியை விதித்திருந்தது. அவருக்கு வந்துகொண்டிருந்த வேலை நின்றுபோயிற்று.

"வேலை இல்லாமல் இருப்பதைக்கூடத் தாங்கலாம் ஹஜ்ரத். அடுத்த மாதம் என்ன ஆகும் என்று ஆம்பூரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார்.

அவர் என்னிடம் மார்க்கத் தீர்ப்பு ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொறுமையைப் பற்றி எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் போன பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்தத் தொழிலில் நம் முன்னோர் இதே நிலையில் நின்றிருக்கிறார்கள் அல்லவா? கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் கையெழுத்திட, இங்கே சரக்கு தேங்கியிருக்கிறது அல்லவா? அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நான் வசிப்பது படவேட்டில். ஜவ்வாது மலை அடிவாரத்தில், கமண்டல நாகநதிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் தலைநகரம். படைவீடு என்பதே பேச்சில் படவேடு ஆனது. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இங்கிருந்து தொண்டை மண்டலத்தை ஆண்டார்கள். 1360-களில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்று, பின்னர் மதுரை சுல்தான்களை நோக்கித் தெற்கே சென்றார். அதன் பின்பும் படைவீட்டு ராஜ்யம் என்ற பெயரில் விஜயநகரத்தின் ஒரு மாகாணமாக இப்பகுதி இருந்தது. இப்போது மலைமேல் கோட்டைச் சுவரின் எச்சமும், வயல்களுக்கிடையே கோயில்களும் மட்டுமே அந்நாளுக்குச் சாட்சி. பின்னர் வந்த நூற்றாண்டுகளும் அமைதியாக இல்லை. ஆற்காட்டு நவாபின் வாரிசுப் போரில் 1751-இல் ஆரணியில் சண்டை. 1767-இல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியின் படைக்கும் கம்பெனிப் படைக்கும் சண்டை. 1782-இல் மறுபடியும் ஆரணி. யார் ஆள்கிறார்கள் என்பது உறுதியில்லாத நிலையில்தான் இந்த மண்ணின் வியாபாரம் பல தலைமுறைகள் நடந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அரசர்களின் கதை அன்று. இந்த மலையிலிருந்தும் அதைச் சுற்றிய கரட்டுக் காடுகளிலிருந்தும் இறங்கிய மூன்று பொருட்களின் கதை: ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் இலண்டன் சந்தையில் தனிப் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டைச் சாறில் ஊறிக் கடுக்காய்ச் சாறில் முடிவுபெறும் அந்தத் தோல் வெளிறிய நிறமும் மென்மையும் உடையது. சிறிய மாட்டுத் தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட இரும்புப்பாதை அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. பாலாற்றின் நீர், மலையின் பட்டை, வாசலில் ரயில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் வேரூன்ற இவை போதுமானவையாக இருந்தன. முஸ்லிம் வணிகர்களே அதில் முன்நின்றார்கள்.

இத்தொழில் நடந்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பச்சைத் தோலை வாங்கி, உப்பு நீக்கி ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் களைந்து, சதை சீவி, பட்டைக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, கடுக்காய் நீர் காட்டி, உலர்த்தி எடுக்க வாரங்கள் பல ஆகும். பிறகு சரக்கு ரயிலில் சென்னைப் பெரியமேட்டுக்குப் போகும். அங்குள்ள கமிஷன் மண்டிகளில் தரம் பிரிக்கப்பட்டு ஏற்றுமதி நிறுவனங்களின் கைக்கு மாறும். அப்புறம் கப்பல். அதன் பின் இலண்டன் ஏலம். இன்று ஆம்பூரில் ஒரு தோலுக்கு விலை கொடுப்பவர், மாதங்கள் கழித்து முகம் தெரியாத ஒருவர் இலண்டனில் கேட்கப்போகும் விலையை எண்ணிக் கொடுக்கிறார். இடைப்பட்ட காலத்திற்கு அவருக்குப் பணம் வேண்டும். மண்டிக்காரர் முன்பணம் தருவார். பச்சைத் தோல் கொண்டுவருபவருக்கும் பட்டை கொண்டுவருபவருக்கும் தோல் முதலாளி முன்பணம் தருவார். ஒருவர் கை நின்றால் எல்லோர் கையும் நிற்கும்.

ஆகவே இவ்வணிகத்தில் நம்பிக்கை என்பது மனநிலையை மட்டும் குறித்ததன்று. சங்கிலிபோல் கைமாறிய வாக்குறுதி அது. குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் சொல்லும் சூராவைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது, 'ஈலாஃப்' என்ற சொல்லில் நான் சிறிது நேரம் நிற்பதுண்டு. வழியிலுள்ள கூட்டத்தாருடன் செய்துகொண்ட உடன்பாடு என்று விரிவுரையாளர்கள் சிலர் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பசியிலிருந்து உணவு, அச்சத்திலிருந்து பாதுகாப்பு என்ற இரண்டையும் அல்லாஹ் அச்சிறிய சூராவில் சேர்த்தே நினைவூட்டுகிறான். வணிகனுக்கு இவ்விரண்டும் பிரிந்தவை அல்ல.

1914-இல் முதல் உலகப்போர் வெடித்தது. அதற்கு முன் இந்தியாவின் பச்சைத் தோலில் பெரும்பகுதி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தை ஒரே நாளில் மூடப்பட்டது. முதலில் எங்கும் திகைப்பு. பின்னர் நிலைமை தலைகீழானது. பிரிட்டிஷ் இராணுவத்தின் காலணிகளுக்கு மேல்தோலாகச் சென்னையின் கிப்ஸ் தேவைப்பட்டது. 1916 முதல் அரசாங்கமே நிர்ணயித்த விலைக்கு அதை வாங்கிக்கொண்டது. தனியார் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. விற்குமா என்ற கவலை இல்லை. விலை என்ன என்ற கவலையும் இல்லை. பதனிடும் குழிகள் பெருகின. புதியவர்கள் பலர் தொழிலுக்குள் வந்தார்கள். என் கணிப்பில் இதுவே அக்காலத்தின் மிக ஆபத்தான கட்டம். கவலையைப் பிறர் சுமக்கும்போது வரும் துணிவை நாம் எளிதில் நம்முடைய திறமை என்று எண்ணிவிடுகிறோம்.

இதற்குள் இன்னொரு முள் இருந்தது. அக்காலத்தில் இந்தியப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆ குத்பாவில் உதுமானியக் கலீஃபாவுக்காகத் துஆச் செய்வது வழக்கம். 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசும் போரில் இறங்கியது. சென்னைத் தோலால் செய்த காலணியை அணிந்த படைதான் மெசப்பொட்டேமியாவிலும் பாலஸ்தீனத்திலும் கலீஃபாவின் படையை எதிர்த்து நின்றது. இதை அந்த வணிகர்கள் அறியாமல் இருந்திருக்க முடியாது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. வாங்குபவர் ஒருவரே என்றாகிவிட்ட போர்க்காலத்தில் வேறு வழி என்ன இருந்தது என்று கேட்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் 1920-இல் கிலாஃபத் இயக்கம் எழுந்தபோது இந்தத் தோல் ஊர்களில் அது கொழுந்துவிட்டு எரிந்ததற்கு, அந்த முள்ளின் வலியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அவ்வாண்டு ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் ஆம்பூருக்கு வந்தார்கள். சென்னை வணிகரும் கிலாஃபத் தலைவருமான யாகூப் ஹஸன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைது செய்யப்பட்டார். ஆட்சியோடு வணிகம், ஆட்சியோடு மோதல் என இரண்டையும் ஒரே வட்டாரம் சுமந்தது.

போர் முடிந்தது. 1919-இல் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தது. பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 விழுக்காடு திருப்பித் தரப்படும் என்றது. போருக்கு முன் ஜெர்மானியர் கையில் இருந்த வணிகம் மீண்டும் அவர்களிடம் போய்விடக் கூடாது என்பது அதன் நோக்கம். பச்சைத் தோல் நாட்டிலேயே தங்கும், பதனிடும் தொழில் வாழும் என்று இங்கே எதிர்பார்த்தார்கள்.

ஆனால் வரிச் சட்டத்தைவிட வலிய ஒன்று அப்போது நடந்தது. போருக்கு முன் ஒரு ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸைத் தாண்டியது. பவுனும் ஷில்லிங்கும் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது, எளிதாகச் சொல்கிறேன். இலண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற தோலுக்கு முன்பு 15 ரூபாய் கிடைக்கும். இப்போது ஏழரை ரூபாய்தான். தோலை வாங்கியதும், கூலி கொடுத்ததும், பட்டை வாங்கியதும் ரூபாயில். வந்து சேர்ந்த பணமோ பாதி. அதே நேரத்தில் போர்க்காலத் தேவையும் வற்றியது. இலண்டனில் சரக்கு தேங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் ரூபாய் மீண்டும் சரிந்தது. ஆனால் அப்போது வாங்குபவர்கள் இல்லை. போரின்போது தொழிலுக்குள் வந்தவர்களில் பலருக்கு 1920-21 கடினமான காலமாக இருந்தது. தொழிலைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட அந்த 15 விழுக்காட்டு வரியும் நிலைக்கவில்லை. 1923-இல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, சலுகையும் நீக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் இரண்டு முறை கொள்கை மாறியது. சந்தவாசல் சகோதரர் சொன்ன வார்த்தையை அன்றைய பெரியமேட்டிலும் ஒருவர் சொல்லியிருப்பார்.

இந்த ஆண்டுகளின் பக்கத்தில் இன்னொரு வரிசை ஆண்டுகளை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் திகைப்பு ஏற்பட்டது. மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது 1918-இல். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பட்டது 1919-இல். ஆம்பூரின் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் ஜாமியா தாருஸ்ஸலாமை நிறுவியது 1924-இல். அந்த இடத்திற்கே உமராபாத் என்று அவர் பெயர் வழங்குகிறது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் அழைப்பில் சையித் ஸுலைமான் நத்வி அவர்கள் சென்னைக்கு வந்து நபிகளாரின் (ஸல்) வாழ்வைப் பற்றித் தொடர் சொற்பொழிவாற்றியது 1925-இல். 'குத்பாத்தே மத்ராஸ்' என்று உலகம் அறிந்த நூல் அதிலிருந்து பிறந்தது. 1927-இல் மர்மடியூக் பிக்தால். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால். இந்தச் சொற்பொழிவுகளுக்குப் பின்னால் இருந்த கொடையாளர் ஜமால் முஹம்மது ஸாஹிப். அவரும் தோல் வணிகர். 1931-இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்திய வணிகர் கூட்டமைப்பின் பிரதிநிதிகளில் ஒருவராக அமர்ந்தவர்.

விலை எங்கே நிற்கும் என்று தெரியாத ஆண்டுகளில், பயன் தர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் காரியங்களில் அவர்கள் பணத்தைப் போட்டிருக்கிறார்கள். கல்லூரி நாளைக்கே வருமானம் தராது. ஒரு ஆலிம் உருவாக ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். ஒரு வட்டாரத்தின் வணிக நம்பிக்கையை அளக்க இப்போது வணிகர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, வரும் காலாண்டு எப்படி இருக்கும் என்று கேட்டு எண் போடுகிறார்கள். 1921-இல் ஆம்பூரில் அப்படிக் கேட்டிருந்தால் எண் மிகக் கீழே போயிருக்கும். வாய் சொல்வது ஒன்று, கை செய்வது வேறு என்பதை அந்தக் கேள்வித்தாள் காட்டியிருக்காது.

இதைப் படிக்கும் சிலர், அது ஈமானின் வலிமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடும். ஈமான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் வணிக அறிவும் கலந்திருந்தது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை விற்காமல் நிறுத்தி விளைச்சலை மட்டும் வழங்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை நாம் அறிவோம். வக்ஃபின் அடிப்படை அது. ஏலத்தில் நாளைக்குப் பாதியாகப் போகக்கூடிய செல்வத்தில் ஒரு பங்கை, ஏலமே தொடமுடியாத இடத்தில் வைப்பது ஒரு வணிகனுக்கு நன்றாகப் புரிந்த கணக்கு. சட்டமும் அண்மையில்தான் அதற்கு உறுதி அளித்திருந்தது. குடும்ப வக்ஃபுகளைச் செல்லாதவை ஆக்கிய 1894-ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மாற்றி, 1913-இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் வந்தது. வக்ஃபு செய்வதில் இருந்த அச்சம் அதனால் பெரிதும் நீங்கியது. அதே வேளையில் கடன்காரனின் உரிமையைத் தட்டிக்கழிப்பதற்காகச் சொத்தை வக்ஃபாக்குவதை ஃபிக்ஹு அறிஞர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் கடன், பிறகுதான் கொடை.

மேல்விஷாரத்தைச் சேர்ந்த சி. அப்துல் ஹகீம் ஸாஹிபையும் மறக்க இயலாது. தோல் வணிகத்தில் ஈட்டியதைப் பள்ளிவாசல்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வாரி வழங்கியவர். சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரே வழிப்போக்கர்கள் தங்க அவர் கட்டிய சித்தீக் சராய் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த இடம். 1938-இல் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி மேல்விஷாரத்தில் 1965-இல் எழுந்தது.

1947-இன் பிரிவினைக்குப் பின் வந்த அச்சம் வேறு வகையானது. விலையைப் பற்றியதன்று, இந்த நாட்டில் நம் இடம் என்ன என்பதைப் பற்றியது. 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னையில் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கியபோது அதன் தலைமையை ஏற்ற காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிபும் தோல் வணிகத்தில் பழகியவரே. 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் ஒரே ஆண்டில் திறக்கப்பட்டன. புறப்பட எண்ணிய சமூகம் கல்லூரி கட்டுவதில்லை.

1970-களின் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு கொள்கை மாற்றம். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. நூறாண்டுகளாகச் செய்துவந்த சரக்கையே இனி அனுப்ப முடியாது என்ற நிலை. அன்றும் தொழில் அழிந்தது என்றே பேசினார்கள். அங்கிருந்துதான் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பின்னர் ஷூவுக்கும் இவ்வட்டாரம் நகர்ந்தது. சந்தவாசல் சகோதரரின் பத்து இயந்திரங்களுக்கும் வித்து அதுவே.

இதுவரை எழுதியதைப் பெருமைக் கதையாக மட்டும் நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையிலிருந்தும் கரட்டுக் காட்டிலிருந்தும் பட்டையையும் கடுக்காயையும் சுமந்துவந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இலண்டனில் விலை விழும்போது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவர் அவர்.  இரு போர்களுக்கு இடையிலான காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை கப்பலில் வந்து ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டபோது, அவருடைய நம்பிக்கை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

பாலாறும் இருக்கிறது. குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அரசின் சார்பில் பரிசோதித்தது 1903 வாக்கில். அம்முறை இவ்வட்டாரத்தில் பரவி, ஏற்றுமதி பெருகியபோது கழிவும் பெருகியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்திய ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வலுப்பெற்றது நம் ஊர்களின் பெயரால்தான்.

நீரின் நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறினால் அந்நீரில் உளூச் செல்லாது என்று தஹாரத் பாடத்தில் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து தங்கிப் படித்த பத்து வயதுப் பிள்ளை எழுந்து, "எங்கள் வீட்டுக் கிணற்று நீர் அப்படித்தான் இருக்கும் உஸ்தாத்" என்றான். அவனுடைய தகப்பனாருக்கும் தோல் ஆலையில்தான் வேலை. மத்ரஸாவின் மாதச் செலவில் ஒரு பகுதியும் தோல் வணிகர்களின் நன்கொடையில்தான் நடந்தது. என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது; பாடத்தை அடுத்த மஸ்அலாவுக்கு நகர்த்திவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஒரு கல்லூரியைக் கண்ட கண்களுக்கு, பக்கத்து வயலின் கிணறு ஏன் தெரியாமல் போயிற்று? இதற்கு விடை எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியைக் கட்டிய தலைமுறையும் கழிவை விட்ட தலைமுறையும் வேறு வேறு என்று சொல்லித் தப்பிக்கலாம். முழுதும் அப்படியும் இல்லை.

கொடையில் நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வணிகரின் அச்சம் வெகு சீக்கிரம் வந்து சேரும். ஜகாத் கடமை, ஆண்டு வருமானம் குறைந்தாலும் கையிருப்பு நிஸாபை எட்டினால் கொடுத்தாக வேண்டும். ஸதக்கா அப்படியன்று. 2020-இல் எல்லாம் மூடிக் கிடந்தபோது, நான் அப்போது பணிபுரிந்த இடத்தில் சில மாதங்கள் பாதி ஊதியமே கிடைத்தது. குறை சொல்லவில்லை, கொடுப்பவர்களுக்கே வரவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். பெரிய தொகை எழுதியவர்கள் சிலர் முழுதாக நிறுத்திக்கொண்டார்கள். நூறு, இருநூறு எழுதியவர்களில் பெரும்பாலோர் ஐம்பதாகவேனும் அனுப்பினார்கள். 1920-களின் கல்விச் சங்கங்களைப் பற்றிப் படிக்கும்போது பெரிய பெயர்களே நம் கண்ணில் படுகின்றன. அவர்களுக்குக் கீழே கணக்குப் புத்தகத்தில் அணா அணாவாக எழுதப்பட்ட பெயர்களும் இருந்திருக்கும். அப்புத்தகங்கள் ஊர்ப் பெட்டிகளில் இன்னும் இருந்தால், கரையான் அரிப்பதற்கு முன் யாரேனும் எடுத்துப் படிக்க வேண்டும்.

சந்தவாசல் சகோதரர் டிசம்பரில் ஒருநாள் மீண்டும் வந்தார். பத்து இயந்திரங்களில் நான்கு ஓடுகின்றன என்றார். பெங்களூரிலிருந்து பள்ளிப் பைகள் தைக்கும் சிறு வேலை ஒன்று கிடைத்திருக்கிறதாம். கூலி குறைவு, ஆனால் வாராவாரம் கைக்கு வருகிறது. தையற்காரப் பெண்களில் மூவரை நிறுத்த வேண்டியதாயிற்று, அதில் ஒருத்திக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது, அதைத் தீர்த்த பிறகே மத்ரஸாவுக்கு வந்தால் போதுமா என்று கேட்டார். அதுதான் முதலில் என்றேன். சரி என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ஹஜ்ரத், சந்தாப் புத்தகத்தில் என் பெயரை அடித்துவிடாதீர்கள். தொகையைப் பாதியாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து தருகிறேன்."

புத்தகத்தை எடுத்து, பழைய தொகையின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை எழுதினேன்.